அமிர்தராஜின் காதும் இரண்டு கார்பன் ஃபிரேம்களும்

போத்தனூரில் அந்தத் தெருவுக்குள் தர்பூசணி வந்தால் முதலில் அமிர்தராஜ் வீட்டுக்குத்தான் போகும். அவர் அதை மடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார். "நல்லாருக்குதுங்க, வெட்டுங்க" என்றால் வெட்டலாம். "இன்னும் ரெண்டு நாள் போகட்டுமுங்க" என்றால் நாக்கில் எச்சில் ஊறினாலும் காத்திருக்க வேண்டியதுதான். தேங்காய்க்கும் மண்பானைக்கும் இதே மரியாதை. ஒரு சட்டைத் துணி எடுக்கக்கூட டவுன்ஹால் பக்கம் நாலு கடை ஏறி இறங்கி, கடைசியில் முதல் கடைக்கே திரும்பி வருகிற மனிதர். அதற்குள் அந்தத் துணி விற்றுப்போயிருக்கும். அதற்கும் அவர் கடைக்காரரைத்தான் குறை சொல்வார்.

வேலையும் அவருக்கு அப்படியே வாய்த்திருந்தது. கணபதியில் பம்பு செய்கிற ஒரு கம்பெனியின் பவுண்டரியில் தர ஆய்வாளர். வார்ப்பு ஆறியதும் ஒவ்வொன்றையும் சின்னச் சுத்தியலால் தட்டிக் கேட்பார். 'கணீர்' என்றால் தேறியது. 'டொக்' என்றால் உள்ளே விரிசல், ஓரங்கட்டிவிடுவார். சந்தேகப்பட்டு உடைத்துப் பார்த்தவர்கள் அவர் விரல் வைத்த இடத்திலேயே விரிசலைக் கண்டிருக்கிறார்கள். "அமிர்தராஜு தட்டிட்டாருங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் முதலாளியே லாரியில் ஏற்றச் சொல்வார். அந்தப் பெயர் அவருக்குச் சம்பளத்தைவிடப் பெரியது.

அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு தங்கை ஜெயக்கொடியை வளர்த்தவர் அவர்தான். தாய்க்குத் தாயாக வளர்த்தார், அதில் யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஜெயக்கொடி சைக்கிள் பந்தயக்காரி. மாவட்டத்தில் அவளை முந்த ஆள் இல்லை, மாநில அளவிலும் மெடல் வாங்கியிருந்தாள். எல்லாம் ஒரு பழைய இரும்பு ரேஸ் சைக்கிளில். தொண்ணூற்றாறாம் வருஷம் டிசம்பரில் ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கும் தேர்வுப் பந்தயம் இருந்தது. வயது வரம்பின்படி அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. தேறினால் ஆபீஸ் வேலை, கையில் சொந்தச் சம்பளம், காலம் முழுக்க சைக்கிள். தேறாவிட்டால் கல்யாணம். அண்ணனுக்கும் தெரியும், தங்கைக்கும் தெரியும்.

அந்த வருஷம்தான் மார்க்கோ வந்தார். மில் ஒன்றுக்கு இத்தாலியிலிருந்து வந்த நூற்பு இயந்திரங்களைப் பூட்டிக் கொடுக்க வந்த மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை போத்தனூர் மாதா கோயிலுக்குப் பூசை காண வந்தவர், வாசலில் சாத்தியிருந்த ஜெயக்கொடியின் சைக்கிளைப் பார்த்து நின்றுவிட்டார். அவரும் சைக்கிள் பைத்தியம். இயந்திரப் பெட்டிகளோடு தன் பந்தய சைக்கிள்கள் இரண்டையும் கப்பலேற்றி வந்திருந்தார். ஆள் குள்ளம், ஜெயக்கொடி நெட்டை, அதனால் அளவு இருவருக்கும் பொருந்தியது. பூசை முடிந்ததும் பொள்ளாச்சி ரோட்டில் இருவரும் வண்டியை விரட்டிக்கொண்டு போவார்கள். மூன்றாவது வாரமே மார்க்கோவுக்கு மூச்சு வாங்கியது. தன் அரைகுறை இங்கிலீஷில் அமிர்தராஜிடம் சொன்னார்: இவள் இந்த இரும்பை மிதிப்பது பாவம், என்னுடைய இரண்டில் ஒன்றை அவளுக்குத் தருகிறேன், எது வேண்டுமென்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள், ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போகிறேன்.

நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்! பாவி மனுஷன், யாரிடம் போய் அந்த வார்த்தையைச் சொன்னார்.

இரண்டு சைக்கிள்களும் போத்தனூர் வீட்டுக்கு வந்தன. சக்கரம், செயின், கியரெல்லாம் இரண்டிலும் ஒன்றே. வித்தியாசம் ஃபிரேமில்தான். இரண்டும் கார்பன் ஃபைபர். ஒன்று நீலம். கார்பன் குழாய்களை அலுமினிய மூட்டுகளில் செருகிப் பசை போட்டு ஒட்டியது. இன்னொன்று கறுப்பு. மூட்டே தெரியாமல் ஒரே உடம்பாக வழவழவென்று இருந்தது. ஜெயக்கொடி முதல் நாள் நீலத்திலும் மறுநாள் கறுப்பிலும் கிணத்துக்கடவு வரை போய்வந்தாள். கறுப்பிலிருந்து இறங்கியபோது அவள் முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

"கறுப்பே போதுங்கண்ணா. மிதிச்ச மிதி அப்படியே சக்கரத்துக்குப் போகுது. நீலம் மேட்டுல அழுத்துனா நடுவுல கொழையுதுங்க. இதையே எடுத்துக்கலாம்."

"இரு கண்ணு. அவசரப்படாத. அண்ணன் ஒருக்கா பாத்துப்போடறேன்" என்றார் அமிர்தராஜ். பையிலிருந்து சுத்தியலை எடுத்தார்.

நீல ஃபிரேமை மூட்டுக்குப் பக்கத்தில் தட்டினார். கணீரென்று இல்லாவிட்டாலும் ஏதோ ஒரு நாதம் வந்தது. கறுப்பைத் தட்டினார். டொக். இடம் மாற்றித் தட்டினார். டொக். மேலே, கீழே, முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கில், எங்கே தட்டினாலும் செத்த சத்தம். அவர் முகம் கறுத்துவிட்டது. "இதுக்குள்ள விரிசல் இருக்குது அம்மணி" என்றார். ஜெயக்கொடி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

அதன்பிறகு தொடங்கியது பரிசோதனை. இரண்டையும் பஸ்ஸின் மேல் போட்டு கணபதிக்குக் கொண்டுபோனார். தராசில் நிறுத்தார். கறுப்புதான் இலேசு. பின்பக்கத்தை இறுகப் பிடித்து, பெடல் அச்சு உட்காரும் இடத்தில் வார்ப்புகளைக் கட்டித் தொங்கவிட்டு, எவ்வளவு வளைகிறது என்று டயல் வைத்து அளந்தார். நீலம் நன்றாக வளைந்தது, கறுப்பு அசைந்தே கொடுக்கவில்லை. தங்கை கிணத்துக்கடவு மேட்டில் காலால் அறிந்து சொன்னதைத்தான் முள்ளும் சொன்னது. எடையும் கறுப்புக்கே சாட்சி, அளவும் கறுப்புக்கே சாட்சி. அவருடைய காது மட்டும் எதிர்க்கட்சி.

மார்க்கோவிடமே கேட்டார். மார்க்கோ விழுந்து விழுந்து சிரித்தார். இது இரும்பு இல்லை சார், நூல், உங்கள் ஊர் மில்லில் ஓடுகிற மாதிரி நூலை நெய்து, அந்தத் துணியைப் பசையில் நனைத்து அடுக்கியது, துணியைத் தட்டினால் மணி மாதிரியா ஒலிக்கும் என்றார். நீலம் ஒலிப்பதுகூட அந்த அலுமினிய மூட்டுகளால்தான் என்றார். இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. ஆனால் அமிர்தராஜ் பிடித்துக்கொண்டது இரண்டே வார்த்தைகளைத்தான். நூலும் பசையுமா! அதில் ஏறி இவள் மலைப்பாதையில் இறங்குவதா? ஃபோர்க் ஒடிந்து தங்கை ரோட்டில் கிடக்கிற மாதிரி அவருக்கு நினைப்பு வந்துகொண்டே இருந்தது.

பயம் என்றே அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார். பொய்யில்லை, பாதி பயம்தான். மீதிப் பாதி கௌரவம். இருபது வருஷம் ஊரே நம்பிய காது ஒரு சைக்கிள் ஃபிரேமிடம் தோற்றது என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. கறுப்பை எடுத்துக்கொள் என்றால் காது பொய். நீலத்தை எடுத்துக்கொள் என்றால் தராசும் டயலும் பொய். எதையும் சொல்லாமல் இருந்தால் எதுவும் பொய்யில்லை. அதுதான் அவருக்கு வசதியாக இருந்தது. இன்னும் ஒரு தடவை பார்த்துவிடலாம், மார்க்கோ கையிலேயே இருக்கட்டும் என்று இரண்டையும் அவர் தங்கியிருந்த மில் கெஸ்ட் ஹவுஸில் திருப்பி வைத்துவிட்டு வந்தார்.

தினம் விடிகாலையில் ஜெயக்கொடி பழைய இரும்பையே எடுத்துக்கொண்டு பயிற்சிக்குப் போனாள். ஒரே ஒரு முறை கேட்டாள்.

"ஏனுங்கண்ணா, முடிவு பண்ணிட்டீங்களா? புது வண்டி பழகறதுக்கும் நாள் வேணுமுங்க."

"பண்ணிக்கலாம் கண்ணு. மார்க்கோ எங்க ஓடியா போறாரு?"

மார்க்கோ கேட்டுவிடுவாரோ என்று அவருக்குப் பயம். அதனால் வழக்கமான எட்டு மணிப் பூசையை விட்டுவிட்டு ஆறு மணிப் பூசைக்குப் போக ஆரம்பித்தார், தங்கையையும் கூட்டிக்கொண்டு. சாமிக்கு முன்னால் நின்றுகொண்டே ஒருவர் ஓடி ஒளிய முடியும் என்பதை அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நவம்பரில் ஒரு நாள் பவுண்டரியில், தட்டிக்கொண்டிருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அவர் உட்கார்ந்துவிட்டார். திடீரென்று மனசு தெளிந்தது. ஓட்டப்போகிறவள் அவள், ஓட்டிப் பார்த்தவளும் அவள். அவளே சொல்லிவிட்ட பிறகு நான் என்ன தட்டுவது? அரை நாள் லீவு போட்டுவிட்டு நேராக மில்லுக்குப் போனார். வழியெல்லாம் 'கறுப்பு, கறுப்பு' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனார், மறுபடி மாறிவிடக்கூடாதே என்று.

கெஸ்ட் ஹவுஸ் பூட்டியிருந்தது. சமையல்காரர் நஞ்சுண்டன் வெளியே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அவுரு போயிட்டாருங்களே. மிஷினு சீக்கிரமே ஓட ஆரம்பிச்சிருச்சு, வேற ஊருக்கு வரச்சொல்லிட்டாங்க. கோயில்ல மூணு வாரமா உங்களத் தேடுனாராமுங்க. ரெண்டும் புடிக்கலையாட்ட இருக்குது, சொல்லச் சங்கடப்பட்டுட்டு வாரதில்லைன்னு வருத்தப்பட்டாருங்க. ரெண்டு சைக்கிளையும் பெட்டியில போட்டுக் கட்டிட்டாங்க."

அமிர்தராஜ் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். வீட்டில் வந்து சொன்னபோது ஜெயக்கொடி செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். "சரிங்கண்ணா" என்றாள். திட்டியிருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

டிசம்பர் பந்தயத்தில் இரண்டு பேரை எடுத்தார்கள். அவள் மூன்றாவதாக வந்தாள். கடைசி மேடு வரை அவள்தான் முதலில் வந்துகொண்டிருந்தாள். கறுப்பு ஃபிரேம் இருந்திருந்தால் ஜெயித்திருப்பாளா? யாருக்குத் தெரியும். இல்லை, அப்போதும் மூன்றாவதுதான் என்று யாராவது அடித்துச் சொன்னால் அமிர்தராஜ் அவர் காலில் விழத் தயாராக இருந்தார். அப்படிச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை.

ஜனவரியில் வரன்கள் வந்தன. அவருடைய கஷ்டகாலம், அதுவும் இரண்டாகவே வந்தது. திருப்பூர் பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவர் ஒருவர், மேட்டுப்பாளையத்தில் பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர் ஒருவர். அமிர்தராஜ் விசாரிக்கக் கிளம்பினார். பழக்கம் விடுமா? சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கப் போனவரை ஜெயக்கொடி கூப்பிட்டாள்.

"போக வேண்டாமுங்கண்ணா. திருப்பூருக்கே சரின்னு சொல்லிருங்க."

"என்ன கண்ணு இது? ஆளக்கூட நீ பாக்கல. ஒரு தடவ பாத்துப் பேசீட்டுச் சொல்லு."

"அன்னிக்கு ஓட்டிப் பாத்துட்டுத்தானுங்க சொன்னேன். அது உங்களுக்குப் போதலை. இதைப் பாக்காமயே சொல்றேன். இதையாச்சும் கேளுங்க."

குரல் உயரவில்லை. கண்ணில் தண்ணீர்கூட இல்லை. அமிர்தராஜ் சட்டையைக் கழற்றி மறுபடி ஆணியில் மாட்டினார். இந்தத் தடவையாவது அவள் சொன்னதைக் கேட்டுவிட வேண்டும் என்ற ஒரே எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. அன்று மாலையே திருப்பூருக்குச் சம்மதம் சொல்லி அனுப்பினார். மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். தடை ஏதும் இருந்தால் சொல்லுங்கள் என்று சாமியார் மூன்று முறையும் கேட்டார். அமிர்தராஜ் மூன்று முறையும் தலையைக் குனிந்துகொண்டார்.

மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கோபம் கிடையாது. கல்யாணம் முடிந்து காரில் ஏறும்போது, காரின் மேல் அமிர்தராஜ் கட்டிக்கொண்டிருந்த பழைய சைக்கிளைப் பார்த்துவிட்டு, "அது இங்கயே இருக்கட்டுமுங்க மச்சான். எங்க ஊட்ல பொம்பளைங்க சைக்கிள் ஓட்டறது வழக்கமில்லீங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னார். ஜெயக்கொடி காரில் ஏறிக்கொண்டாள். அமிர்தராஜ் கயிற்றை அவிழ்த்தார்.

முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். திருப்பூர் என்ன தூரமா? துருவித் துருவிக் கேட்பதற்கென்றே பிறந்த மனிதர் அவர். அந்த ஒரு தடவைதான் கேட்காமல் விட்டார்.