மாமா பஸ்

என் மதினிக்கு மாமனார் பெயரையும் சொல்ல வராது, புருஷன் பெயரையும் சொல்ல வராது. எங்கள் அப்பா பெயரில் சங்கரன்கோவிலிலிருந்து சிவகிரிக்கு ஒரு மினிபஸ் ஓடுகிறது. அதைக்கூட ‘மாமா பஸ்’ என்றுதான் சொல்வாள். ஒரு தடவை கண்டக்டரிடமே மாமா பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்க, அந்த மனுஷன் எந்த மாமா என்று முழித்தார்.

அப்பேர்ப்பட்டவள் போன வருஷம் தெருவே அதிர அந்தப் பெயரைக் கத்தினாள். நினைத்தால் இப்போதும் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது.

அவள் புருஷன், என் அண்ணன், மலேசியாவில் ஓட்டல் வேலைக்குப் போனவன். முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு மாடு மாதிரி வேலை வாங்கியிருக்கிறான். பொறுக்காமல் வெளியே வந்த அண்ணனை, கையில் காகிதம் இல்லையென்று பிடித்து, வெளிநாட்டு ஆட்களை அடைக்கும் முகாமில் போட்டுவிட்டார்கள் என்று மட்டும் சேதி வந்தது. பிடுங்கியவன் கல்லாவில், இவன் கம்பிக்குள். என்ன நியாயமோ, கொள்ளையில் போக!

அந்த ஊர்த் தமிழ் அம்மா ஒருவர் முகாம்களுக்குப் போய் ஆட்களை மீட்கிறவர். காகிதத்துக்காக மனுஷரைப் பூட்டுகிற இடமே இருக்கக்கூடாது என்பார். நானும் இப்போது அந்தக் கட்சிதான். வாராவாரம் போனில் அவரிடம் அண்ணன் பெயரைச் சொல்வேன். அப்படி ஒரு ஆளே பட்டியலில் இல்லை என்று பதில் வரும். ஐந்து மாதம் இப்படியே போயிற்று. ஆள் உயிரோடு இருக்கிறானா என்றே தெரியவில்லை. அப்பா சாப்பாட்டை ஒதுக்க ஆரம்பித்துவிட்டார்.

ஒரு மத்தியானம் அந்த அம்மா, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்கிற கட்டத்தில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டார். மதினி விருட்டென்று எழுந்தாள். விண்ணப்பத்தை நிரப்பியது அவள்தான். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்து அப்பா பெயரை எழுதியிருக்கிறாள். எழுதலாமாம், சொல்லத்தான் கூடாதாம்! அங்கே பட்டியல் அந்தக் கட்டத்தை வைத்துத்தானாம். முகாமில் அண்ணன் அப்பாவாகிக் கிடக்கிறான்.

நான் வாயைத் திறக்குமுன் போனைப் பிடுங்கி, அப்பா முகத்துக்கு நேரே அந்தப் பெயரைக் கத்தினாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அப்பா அசரவில்லை. “இன்னும் சத்தமாச் சொல்லு தாயி. அவங்களுக்குக் கேக்கணும்லா.”

அந்தப் பெயரில் ஆள் இருந்தான். உயிரோடு இருந்தான். அன்று பூராவும் மதினி அடுக்களையில் அந்தப் பெயரைப் பாட்டாகவே பாடினாள். அப்பா ஒவ்வொரு தடவையும் ‘ஆங்’ கொட்டினார். எங்களுக்குப் பைத்தியம் பிடித்திருந்தது.

ஒன்றரை மாதம் கழித்து, காலையில் சென்னை ரயிலில் அண்ணன் வந்தான். கடைசிப் பெட்டியில் இறங்கி எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தான். ‘அண்ணே’ என்று கத்தினேன், திரும்பவில்லை. அப்பா அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், அதற்கும் திரும்பவில்லை. மதினி மூச்சைப் பிடித்து மாமனார் பெயரைக் கத்தினாள்.

அண்ணன் பையைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கினான். “அடா!”

பக்கத்தில் அப்பாவும் கை தூக்கியிருந்தார். பெத்த அப்பனையே அடா என்கிறானே என்று எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மலாயில் அதற்கு ‘இருக்கேன்’ என்று அர்த்தமாம். முகாமில் தினமும் ஆள் எண்ணும்போது அப்படித்தான் சொல்ல வேண்டுமாம். ஓடிக் கிட்டே போனோம். அண்ணன் தூக்கிய கை தூக்கியபடியே நின்றது.

“ஏட்டி, எம் பேரைச் சொல்லு,” என்றான் மதினியிடம். “அங்கன ஒருத்தனும் சொல்லல.”

சொன்னாள். பிளாட்பாரம் முழுக்கக் கேட்டது. அண்ணன் கையை இறக்கினான்.