இடது பக்கம் திரும்பிய சனிக்கிழமை

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நடந்தது இது. வானகரத்தில் இருக்கும் ஒரு பெரிய வணிக வளாகத்துக்கு மாதச் சாமான் வாங்க நானும் என் கணவரும் போயிருந்தோம்.

எங்கள் வீடு அம்பத்தூரில். அபார்ட்மென்ட்டில் மின்சாரக் காருக்குச் சார்ஜ் போட வசதியில்லை. அதனால் அந்த வளாகத்தின் பேஸ்மென்ட்டில் காரைச் சார்ஜில் போட்டுவிட்டு, மேலே போய்ச் சாமான் வாங்குவோம். சார்ஜுக்கு ஆவது இரண்டு பேர் ஓட்டலில் டிபன் சாப்பிடும் செலவுதான். ஆனால் காத்திருக்கும் நேரத்தில் தேவையில்லாத டப்பாவும் துண்டும் கூடைக்குள் விழுந்துவிடும். "சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்" என்று கணவர் புலம்பாத மாதமே கிடையாது.

ஐம்பதைத் தாண்டிய பிறகு லைசென்ஸ் வாங்கியவள் நான். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. எப்படி ஓட்டவேண்டும் என்று சொல்ல மட்டும் நன்றாகத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். அவர் இல்லாமல் நான் ஓட்டியதில்லை. கடையை விட்டால் வீடு, வீட்டை விட்டால் கடை.

அன்று பைகளோடு கீழே வந்தால், பக்கத்துக் காரருகே ஒருவர் தலையில் கைவைத்து நிற்கிறார். கூடவே வெள்ளைப் பட்டுப் புடவையும் தலையில் வலையுமாக ஒரு மணப்பெண், அவளுடைய அம்மா. மேலே பியூட்டி பார்லரில் அலங்காரம் முடித்து வந்திருக்கிறார்கள். நின்றவர் பெண்ணின் தாய்மாமன்.

"பிளக்கை சொருவிட்டுதான்க்கா மேல போனேன். வந்து பாத்தா கொஞ்சம்கூட ஏறல. ஆவடி வரைக்கும் தாங்காது. இன்னா பண்றதுன்னே தெரியல."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பிளக்கைச் சொருகினால் போதாது, போனில் ஆப்பைத் திறந்து சார்ஜை ஆரம்பித்து வைக்கவேண்டும். அந்த பேஸ்மென்ட்டில் சிக்னல் கிடையாது. வண்டி ஏறும் சரிவில் பாதி தூரம் நடந்து போய்த்தான் ஆரம்பிக்க முடியும். அடிக்கடி வருகிற எங்களுக்கே முதல் இரண்டு மாதம் பிடிபடாத விஷயம் அது.

ஆவடியில் கோயிலில் கல்யாணப் பூசை. அது முடிந்ததும் அடுத்த பூசை இருப்பதால், தாமதமானால் ஃபாதர் காத்திருக்க முடியாதாம். வெளியே கொட்டும் மழை. மாமன் மேலே நின்று புக் செய்த டாக்சிகளும் ஒவ்வொன்றாகக் கேன்சல் ஆகிவிட்டன. கண்ணீர் வழிந்தால் அலங்காரம் கெட்டுவிடும் என்று அந்தப் பெண் கூரையைப் பார்த்தபடியே நின்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

"ஏறும்மா, நான் கொண்டுபோய் விடறேன்" என்றேன்.

கணவர் என்னைப் பார்த்தார். காரில் ஐந்து பேருக்கு இடமில்லையா என்றால், இருந்தது. ஆனால் பெண்ணின் புடவையும் பூப்பெட்டியும் பின் சீட்டை அடைத்துக்கொண்டன. முன்னால் மாமன் உட்கார்ந்தார். "நான் இவங்க வண்டிக்கு சார்ஜ் போட்டுட்டு இங்கயே நிக்கறேன். நீ பாத்துப் போ" என்று கணவர் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

வானகரம்–அம்பத்தூர் ரோடு முழுக்கத் தண்ணீர். ஒரு லாரி வாரி இறைத்ததில் கண்ணாடியே தெரியவில்லை. பிரேக்கை மிதிக்கப் பக்கத்தில் ஆள் இல்லை, நான்தான் மிதிக்கவேண்டும். ஸ்டியரிங்கில் கை வழுக்கியது. அம்பத்தூரில் வலது பக்கம் போனால் என் வீடு. வாழ்க்கையில் முதல் தடவையாக அங்கே இடது பக்கம் திரும்பினேன்.

"மெதுவாவே போங்க ஆன்ட்டி, போய்டலாம்" என்றாள் பின்னாலிருந்து அந்தப் பெண். அவள் எனக்குத் தைரியம் சொல்கிறாள்!

கோயில் வாசலில் நிறுத்தியபோது மணி அடித்துக்கொண்டிருந்தது. குடையோடு ஓடிவந்தவர்களிடம் அம்மாக்காரி, "இவங்க இல்லன்னா நாம வந்திருக்கவே மாட்டோம்" என்று அழுதார். நான் கிளம்பப் பார்த்தேன். பெண் கையை விடவில்லை. பூசை முடிந்து, கசங்கிய சுடிதாரும் ரப்பர் செருப்புமாக நான் மணமக்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்ட பிறகுதான் விட்டாள்.

திரும்பி வந்தபோது, உருகிப்போன ஐஸ்கிரீம் டப்பாவோடு கணவர் அந்தக் காருக்குக் காவல் நின்றார். "சேத்துட்டியா?" என்று மட்டும் கேட்டார். மாமன் அனுப்பிய ஆளிடம் அந்தக் காரை ஒப்படைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தவர், வீடு வரும்வரை ஒருமுறைகூட இல்லாத பிரேக்கை மிதிக்கவில்லை.

அந்தக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டும் யாராவது, "ரப்பர் செருப்போட நிக்கறாங்களே, இந்தம்மா யாரு?" என்று கேட்காமலா இருப்பார்கள்? "பொண்ணுக்கு வண்டி ஓட்டிக்கினு வந்தவங்க" என்று அங்கே பதில் வருமே, அதை நினைக்கும்போதெல்லாம் என் தலை தானாக நிமிர்ந்துவிடுகிறது.