மிச்சச் சூடு

இறுக்கி அடைத்த மரத்தூளுக்குள்ளிருந்து சோடாப் போத்தலைத் திருகித் திருகி உருவும்போது எழும் கிறீச்சென்ற சத்தமும், கூடவே வரும் ஈர மரத்தின் புளித்த மணமும்தான் எங்கள் வீட்டின் விடியலாக இருந்தன. எழுபதுகளின் தொடக்கம், பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம். சங்கக்கடைக்கு மண்ணெண்ணெய் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கொக்குவிலில் ரயில் பாதைக்கு அப்பால் மரம் அரியும் மரக்காலையிலிருந்து அண்ணை சாக்கில் கட்டிவரும் தூள்தான் எங்களுக்கு எரிபொருள். பழைய எண்ணெய்த் தகரத்தின் நடுவில் போத்தலை நிறுத்தி, சுற்றிவரத் தூளை இடித்து இறுக்கி, போத்தலை உருவிவிட்டு அடித்துளையால் நெருப்பு வைத்தால் மத்தியானம் கடந்தும் எரியும். ஊதவும் வேண்டாம், விறகு தள்ளவும் வேண்டாம்; ஆனால் நினைத்தவுடன் அணைக்கவும் முடியாது.

அணையாத அந்தச் சூட்டை என்ன செய்வது என்பதே அம்மாவின் ஓயாத யோசனை. சோறு இறங்கக் கறி ஏறும், கறி இறங்க ஆட்டுக்குத் தவிட்டுக் கஞ்சி ஏறும், பிறகு எங்களுக்குக் குளிக்கத் தண்ணீர். குளித்த தண்ணீர் வாழைக்குப் போகும், சாம்பல் சட்டி மினுக்கப் போகும். எங்கள் படிப்பு முடிந்ததும் விளக்குத் திரியை இறக்கிவிட்டு, "கதைக்கிறதுக்கு என்னத்துக்கு வெளிச்சம்?" என்பார். "வீணாப் போகுது" என்பது அவர் வாயில் நாள் முழுக்கக் கேட்கும் சொல்.

பக்கத்து வளவில் இருந்த பரமேசக்காவும் அம்மாவைப் போலவே எதையும் எறியாதவர். சண்டை வந்ததும் அதனால்தான். பொது வேலியில் நின்ற பூவரசில் ஆட்டுக்கு இலையும் கொப்புமாகக் குழை வெட்டுவது யார் என்று தொடங்கிய பேச்சு தடித்து, கடைசியில், நாங்கள் குனிந்து போய்வந்த "பொட்டு" என்கிற வேலி ஓட்டையை அம்மா பனையின் கருக்கு மட்டைகளால் அடைத்துவிட்டார். அதன்பின் இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சில்லை.

கார்த்திகை மழையில் பரமேசக்காவுக்குப் பிள்ளை பிறந்தது. கணவருக்கு அனுராதபுரத்தில் வேலை. துணைக்கு வந்திருந்த பரமேசக்காவின் பெரியம்மாவுக்குக் கண்பார்வை குறைவு. ஆஸ்பத்திரியிலிருந்து அவர்கள் வந்த மறுநாள், அந்த வீட்டுக் குசினியிலிருந்து கரும்புகை மட்டும் எழுந்துகொண்டிருந்தது. விறகு முழுக்க நனைந்திருந்தது. பெரியம்மா இருமுவதும் பிள்ளை வீரிட்டு அழுவதும் எங்களுக்குக் கேட்டன. பிள்ளை பெற்ற உடம்புக்குப் பச்சைத் தண்ணீர் ஆகாது. அம்மா வேலியோரம் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு விறுவிறென்று உள்ளே வந்து, மறுநாளைக்கென்று சாக்கின் அடியில் வைத்திருந்த தூள் முழுவதையும் வழித்தெடுத்து, வேறொரு தகரத்தில் இறுக்கி மூட்டி, பெரிய பானையில் நொச்சி இலை போட்டுத் தண்ணீர் வைத்தார்.

தண்ணீர் கொதித்ததும் வாளியில் வார்த்து அண்ணையிடம் கொடுத்தார்.

"எங்கடை அடுப்பிலை சூடு வீணாப் போகுது, அதுதான் எண்டு சொல்லு. வேறை ஒண்டும் கதைக்க வேண்டாம்."

சூட்டை வீணாக்காதவர், தூள் முழுவதையும் கொட்டிவிட்டு இப்படிச் சொல்கிறாரே என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

ஒழுங்கையால் சுற்றி அண்ணை முன்னே போக, நான் குடை பிடித்துக்கொண்டு போனேன். பாயில் சாய்ந்திருந்த பரமேசக்கா வாளியிலிருந்து ஆவி பறப்பதைப் பார்த்தார்.

"வீணாப் போற சூட்டிலையே இப்பிடிக் கொதிக்குது?" என்று சிரித்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு அண்ணையிடம் சொன்னார்: "தம்பி, வெறும் வாளியோடை போகாதை. வேலியிலை குழை முத்தி வீணாப் போகுது. வெட்டிக்கொண்டு போய் ஆட்டுக்குப் போடச் சொல்லு, உன்ரை அம்மாட்டை."

அண்ணை கொண்டுவந்த குழைக்கட்டை அம்மா வாங்கி ஆட்டுக்குப் போட்டார்.

மறுநாள் காலையில் எங்களுக்கு எரிக்கத் தூள் இல்லை. அம்மா நேரே வேலியடிக்குப் போய், பொட்டை அடைத்திருந்த கருக்கு மட்டைகளைப் பிடுங்கி முறித்து அடுப்பில் வைத்தார். ஈர மட்டை புகைந்து புகைந்து எரிய, கண்ணைக் கசக்கியபடியே தண்ணீரைக் காய்ச்சி, திறந்த பொட்டுக்குள்ளால் தானே குனிந்து வாளியைக் கொண்டுபோனார். திரும்பி வர வெகுநேரம் ஆனது. பிள்ளையைத் தானே குளிப்பாட்டினாராம். அதன்பின் அடுப்பின் மத்தியானச் சூட்டில் பரமேசக்காவின் பானை ஏறியது. பூவரசங்குழை இரண்டு வீட்டு ஆட்டுக்கும் போனது. சண்டையைப் பற்றி இருவரும் ஒரு சொல்லும் எடுக்கவில்லை.

இன்று அந்த வேலி இருந்த இடத்தில் மதில் நிற்கிறது. அம்மா இல்லை, பரமேசக்கா குடும்பம் கனடாவில். மரக்காலை இருந்த இடம் தெரியவில்லை. என் குசினியில் காஸ் அடுப்பு. திருகினால் எரிகிறது, திருகினால் அணைகிறது, மிஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டில் இப்போது குடியிருப்பவர்களின் பெயர் எனக்குத் தெரியும். அவர்கள் அடுப்பு எரிகிறதா என்பது தெரியாது.