நீர்மோர் ஐஸில் வைத்த ஒயின்

நான் ஒரு பொய் சொன்னேன். இரண்டே வாக்கியம். அதனால் என் வீட்டு மாடியில் பதினோரு வருடம் குடியிருந்த ஒரு ஆங்கிலேயப் பெண்மணி வீட்டைக் காலி செய்துகொண்டு போனார். அப்போது அவருக்கு எழுபத்து நான்கு வயது, எனக்கு எழுபத்தெட்டு. பொய் சொல்லி எதையும் சம்பாதிக்க வேண்டிய வயதல்ல. ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அதனால் நடந்ததை மட்டும் நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையிலிருந்து பிரிகிற ஒரு தெருவின் முதல் வீடு எங்களுடையது. கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். கீழே நானும் மனைவியும், மாடியில் அவர். தெருவில் எல்லோரும் அவரை வெள்ளைக்காரம்மா என்பார்கள். நான் மேடம் என்பேன், அவர் என்னை சார் என்பார். இங்கிலாந்தில் நூலகராக இருந்தவர். கணவர் இறந்த பிறகு, மலையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஒரு மாதத்துக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. மாடி ஜன்னலைத் திறந்தால் மலை முழுசாகத் தெரியும். காலையில் அதற்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். "இந்த ஜன்னல்தான் சார் என் வீடு. மத்தது எல்லாம் சாமான் வைக்கற எடம்" என்று ஒருமுறை சொன்னார்.

அவர்கள் நாட்டில் புது ராஜாவுக்கு முடிசூட்டு விழா வந்தது. அது சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள், சனிக்கிழமை. ஊரில் இருக்கும் வயதான ஆங்கிலேயர்கள் ஐந்தாறு பேரை மொட்டை மாடிக்கு அழைத்திருப்பதாகவும், லேப்டாப்பில் விழாவைப் பார்த்துவிட்டு ராஜா பேரைச் சொல்லிக் கோப்பையைத் தூக்கப் போவதாகவும் சொன்னார்.

"ராஜா மேல அவ்ளோ பிரியமா மேடம்?"

"இல்ல சார். அங்க இருந்தப்போ ராஜா வேணுமா வேணாமான்னு கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பேன். இங்க வந்து பதினோரு வருஷம் ஆச்சு. இப்ப ராஜா போற குதிரை வண்டிய பாத்தா அழுகை வருது. ஏன்னு தெரியல."

கோப்பையில் ஊற்ற மூன்று புட்டிகள் இருந்தன. குளிர்காலத்தில் அவரைப் பார்க்க வந்த தம்பியும் தம்பி மனைவியும் கொண்டுவந்து கொடுத்தவை. மூன்றும் நுரைக்கிற ஒயின் வகை, மூன்றும் இங்கிலாந்திலேயே விளைந்த திராட்சையில் செய்தவை. அதில் எதை ராஜாவுக்கு முதலில் திறப்பது என்பதுதான் கேள்வி. "நீங்க கெமிஸ்ட்ரி. நீங்க சொல்லுங்க" என்று என்னை மாடிக்குக் கூப்பிட்டார்.

நான் குடித்ததில்லை. என் அப்பா இளவயதில் கள்ளுக்கடை மறியல் செய்து, இதே வெள்ளைக்காரர்கள் ஆட்சியில், எட்டு மாதம் வேலூர்ச் சிறையில் இருந்தவர். அரசாங்கம் கொடுத்த செப்புப் பட்டயமும் அவர் படமும் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கின்றன. அந்தப் படத்துக்கு நேர் மேலே, மாடியில், மேசை மேல் மூன்று புட்டிகளை வரிசையாக நிறுத்தி நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு இருந்தது சந்தோஷம். சர்க்கரை ஈஸ்டால் ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாறுவதை முப்பத்தைந்து வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்த வாயு புட்டிக்குள்ளேயே உண்டாகி, வெளியே போக வழியில்லாமல், கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு அழுத்தத்தோடு உள்ளே இருக்கிறது என்பதை அன்றுதான் கையில் பிடித்துப் பார்த்தேன்.

ஒன்று சசெக்ஸ் பகுதியில் செய்தது. ஈஸ்டோடு ஐந்து வருடம் கிடந்தது, சர்க்கரை மிகவும் கம்மி. ஒன்று கார்ன்வாலிலிருந்து, ரோஜாப்பூ நிறம். ஒன்று கெண்ட் பகுதியிலிருந்து. இரண்டே வருடம் கிடந்த சாதாரணச் சரக்கு. லேபிளின் பின்பக்கத்தில் எழுதியிருந்ததையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன்.

"சந்தேகமே இல்ல மேடம், சசெக்ஸ்தான். அஞ்சு வருஷம்னா சும்மாவா? ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனக்காதீங்க. திராட்சை ஜாதி பிரெஞ்சு, செய்முறை பிரெஞ்சு. இதுல உங்க தேசம் எங்க இருக்கு?"

அவர் சிரித்தார். "மண்ணு எங்களுது சார். கெண்ட்ல எங்க அப்பா ஆப்பிள் தோட்டத்துல வேலை செஞ்சார். இப்ப அங்க நெறைய தோட்டம் திராட்சை ஆயிடுச்சு." கெண்ட் புட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இது அவ்ளோ நல்லது இல்ல. தெரியும். ஆனா தேசம்னா மார்க் போடறது இல்லயே."

கெண்ட் என்று முடிவாயிற்று. நான் ஏதோ பரீட்சையில் தோற்றவன் போலவும் உணர்ந்தேன், ஜெயித்தவன் போலவும் உணர்ந்தேன்.

வியாழக்கிழமை அவருடைய சின்ன ஃப்ரிட்ஜ் பழுதாகிவிட்டது. மெக்கானிக், பௌர்ணமிக் கூட்டம் கலைந்த பிறகுதான் வண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே வர முடியும் என்றார். மே மாத வெயில், மாடி அடுப்பு மாதிரி காய்ந்தது. சூடான புட்டியைத் திறந்தால் பாதி நுரையாகவே போய்விடும் என்று அவர் கவலைப்பட்டார். "குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று நான்தான் வாங்கி வந்தேன். அவர் கேட்காமலேயே வாங்கினேன்.

கீழே எங்கள் ஃப்ரிட்ஜில் வைக்க முடியாது. அதில் சாமிக்கு வாங்கிய பூவும் அபிஷேகப் பாலும் இருந்தன. மனைவியிடம் கேட்கவும் பயம். பின்கட்டில் ஐஸ் இருந்தது. ஒவ்வொரு சித்ரா பௌர்ணமிக்கும் தெருச் சங்கத்தார் எங்கள் வீட்டு முனையில் பந்தல் போட்டு, கிரிவலம் போகிறவர்களுக்கு நீர்மோர் கொடுப்பார்கள். அதற்கான ஐஸ் பாளங்கள் பௌர்ணமியன்று காலையில் வந்து, உமியும் சாக்கும் போட்டு மூடி, எங்கள் பின்கட்டில்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை ஐஸ் வந்ததும், என்னுடைய பழைய வேட்டி ஒன்றில் மூன்று புட்டிகளையும் சுற்றி, கடைசிப் பாளத்துக்கு அடியில் செருகினேன். கடைசிப் பாளத்தை உடைக்க மாலை ஆகிவிடும், அதற்குள் எடுத்துவிடலாம் என்பது என் கணக்கு. சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். தூங்கிவிட்டேன்.

வெடிச் சத்தம் கேட்டு எழுந்தேன். பின்கட்டில் சங்கத்தின் செயலாளர் கடப்பாரையோடு நின்றிருந்தார். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வேட்டி, முகம் எல்லாம் நுரை. கூட்டம் ஜாஸ்தியாகி, மத்தியானமே கடைசிப் பாளத்துக்கு வந்துவிட்டார்கள்.

"யோவ், பாம்புன்னு நெனச்சேன்யா! உஸ்ஸுன்னு சீறிச்சி, அப்புறம் டமார்னு..."

"மோந்து பாருங்கண்ணே, சரக்கு!"

"இன்னும் ரெண்டு கீதுபா உள்ள!"

பந்தலில் இருந்தவர்களெல்லாம் பின்கட்டுக்கு வந்துவிட்டார்கள். ஐஸ் முழுக்கக் கண்ணாடித் துண்டு. அதில் கொஞ்சம் ஏற்கெனவே அண்டாவுக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்! நல்லவேளையாகப் போகவில்லை. ஆனாலும் மோர் முழுவதையும் கொட்டினார்கள். வெளியே வெயிலில் ஜனங்கள் அரோகரா சொல்லிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்கள்.

செயலாளர் என்னைப் பார்த்தார். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. பெரியவரிடம் முறையிடுவது போலத்தான் பார்த்தார்.

"என்னா சார் இது? தியாகி வீட்டுல?"

நான் சொன்னேன்: "எனக்குத் தெரியாது. மாடியில கேளுங்க."

மேடம் மாடிப்படியில்தான் நின்றுகொண்டிருந்தார், சத்தம் கேட்டு இறங்கி வந்திருந்தார். தமிழ் அவருக்கு நன்றாகவே புரியும். என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு எல்லோரையும் பார்த்து, "ஆமா. என்னோடது. நான்தான் வச்சேன். மன்னிச்சிருங்க" என்றார்.

மீதி இரண்டு புட்டிகளையும் செயலாளர் சாக்கடை ஓரம் உடைத்தார். கெண்ட் அதில் ஒன்றா, முதலிலேயே வெடித்ததா என்று நான் பார்க்கவில்லை. மறுநாள் மேடத்தின் நண்பர்கள் வந்தார்கள். தண்ணீரில் எலுமிச்சைச் சாறு கலந்து கோப்பையில் ஊற்றிக்கொண்டு அவர்கள் பாடியது கீழே கேட்டது. ராஜாவுக்காகப் பாடினார்கள். என் மனைவி, "அந்தம்மா இப்படி செய்யற ஆள் இல்லீங்களே" என்றாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

சங்கத்தில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். என்னிடம் யாரும் நேரில் எதையும் கேட்கவில்லை. என் மரியாதைக்காக அவரை அனுப்பிவிடுவது நல்லது என்று சொல்லியனுப்பினார்கள். நான் வாய் திறப்பதற்குள் அவரே வந்தார். "நான் போறேன் சார். உங்களுக்குக் கஷ்டம் வேணாம்." வேண்டாம், இருங்கள் என்று என் வாய் சொல்லும் என்று நானும் காத்திருந்தேன். அது, "எங்க போவீங்க?" என்றது. மூன்று வாரத்தில் வேங்கிக்கால் பக்கம் ஒரு கீழ்வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்.

ஆடி மாதம் வரை பொறுத்திருந்தேன். பொறுத்தது என்று சொல்வது சரியில்லை, பயந்திருந்தேன். பிறகு ஒருநாள் சங்கக் கூட்டத்தில் எழுந்து, புட்டிகளை வைத்தது நான்தான் என்று சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

"சார் மனசு யாருக்கு வரும்?"

"குடியிருந்தவங்க மேல பழி வரக் கூடாதுன்னு தன் மேல போட்டுக்கறாரு பாரு."

"தியாகி ரத்தம்யா!"

உண்மையைத்தான் சொல்கிறேன் என்று இன்னும் அழுத்திச் சொல்லச் சொல்ல, அவர்கள் மதிப்பில் நான் இன்னும் உயர்ந்துகொண்டே போனேன். உட்கார்ந்துவிட்டேன். எது செய்தால் என்னை நம்புவார்கள் என்று புரியவில்லை.

கூட்டம் முடிந்ததும் செயலாளரைத் தனியாகக் கூப்பிட்டு, புட்டிகளைச் சுற்றியிருந்த வேட்டியைப் பார்த்தீர்களா, அதன் ஓரத்தில் சலவைக்குறி இருக்குமே, அது என்னுடையது என்றேன்.

"அது உங்க வேட்டின்னு அன்னைக்கே தெரியும் சார். மாடியில காயப்போட்டிருந்தத அந்தம்மா சுட்டுக்கினு போச்சுன்னு பேசிக்கினோம். உங்க மனசு கஷ்டப்படும்னுதான் சொல்லல."

நான் குடிகாரப் பட்டம் மட்டும்தான் அவர் மேல் போட்டேன் என்று நினைத்திருந்தேன். தெருவில் மூன்று மாதமாக அவர் திருடியும்கூட.

"நான்தான்பா சுத்தினேன். அந்தம்மாவுக்கு நான் எங்க வச்சேன்னுகூடத் தெரியாது. சசெக்ஸ் ஒண்ணு, கெண்ட் ஒண்ணு, ரோஸ் கலர்ல ஒண்ணு. நான் தேர்ந்தெடுக்க ஒக்காந்தேன். சந்தோஷமா ஒக்காந்தேன்."

அவர் என் முகத்தையே பார்த்தார். டிக்கெட் பார்த்துப் பழகிய கண். "நெசமாவா?" என்றார். பிறகு, "ஏன் சார்?" என்றார். அப்பா படமா, பயமா, அல்லது தியாகி வீடு என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையா? எதைச் சொன்னாலும் பாதிதான் சரியாக இருக்கும்.

"அடுத்த வருஷத்துலேர்ந்து மோர்ப் பந்தல வேற வூட்டுல வச்சுக்கறோம். கோச்சுக்காதீங்க" என்றார் செயலாளர். அதன் பிறகு, நான் கேட்காமலேயே, "ஆட்டோ கூப்பிடட்டுமா? அந்தம்மாவப் போய் பாத்துடலாம்" என்றார்.

இருவரும் போனோம். செயலாளர் வாசலிலேயே நின்று கை கூப்பினார். "தப்பாப் பேசிட்டோம் மேடம். தெருவுல எல்லாருக்கும் நானே சொல்றேன். பழைய வூட்டுக்கே வந்துடுங்க." நான் சொல்ல வேண்டியதை நானும் சொன்னேன். முன்கூட்டியே எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், பாதியில் மறந்துபோயிற்று.

அவர் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "எனக்கு உங்க மேல கோவம் இல்ல சார். அன்னைக்கு இருந்துச்சு" என்றார். "ஆனா வர முடியாது. இங்க படி இல்ல. முட்டி வலி கம்மியா இருக்கு."

முட்டி வலி உண்மைதான். அதுதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. செயலாளர் நம்பினார். திரும்பத் திரும்பக் கேட்பது மரியாதையில்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

நாங்கள் எழுந்தபோது, "சார், ஒரு உதவி" என்றார். வெளிநாட்டவர் ஒருவர் வீட்டில் தங்கினால் வீட்டுக்காரர் ஆன்லைனில் போலீசுக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டும். அவருடைய புது வீட்டுக்காரருக்குக் கம்ப்யூட்டர் பழக்கமில்லை. பக்கத்துக் கடையில் போட்டதில் விலாசம் தப்பாகி, கடிதம் வந்திருந்தது. "உங்களுக்குத்தான் இது நல்லா வரும்."

அவருடைய லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். அவர் எங்கள் மாடியில் இருந்தவரை இந்தப் படிவத்தை அனுப்பி வந்தவன் நான்தான், பாஸ்போர்ட் எண் எனக்கு இன்னும் பாராமலே வந்தது. விலாசம் கேட்ட இடத்தில் விரல் தானாக எங்கள் தெருப் பெயரைத் தட்ட ஆரம்பித்துவிட்டது. அழித்துவிட்டு, வேங்கிக்கால் என்று எழுதி, கதவு எண்ணைக் கேட்டுப் போட்டேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என் தோளுக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஒரு எண்ணைத் திருத்தச் சொன்னார். திருத்தினேன்.

"இப்ப சரி சார். அனுப்பிடுங்க" என்றார்.

அனுப்பினேன்.