வடகரைப் பேச்சின் கவிஞர்

குணசிங்கம் கவிதை எழுதுவது நோர்வேயின் வடகரைப் பேச்சில். பத்தொன்பது வயதில் அகதியாக வந்து, அங்கே மீன் வெட்டிய பெண்களோடு வேலை செய்து, காதால் பிடித்த பேச்சு. இரண்டு நூல்கள் வந்துவிட்டன. மேடை ஏறினால் அந்தப் பேச்சுக்காகச் சண்டை பிடிப்பார். இறங்கினால் ஒஸ்லோப் பேச்சுத்தான். தமிழன் வாயில் மற்றதைக் கேட்டால் ஆட்கள் சிரிக்கிறார்களாம்.

ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் அவர் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு, அதே கரையிலிருந்து இங்கெபோர்க் என்றொரு கிழவி வந்தாள். அவள் வடகரைப் பேச்சில் கோப்பி கேட்டாள். ஒவ்வொரு சொல்லும் அவருக்கு விளங்கியது. ஆனால் பக்கத்தில் உடன் வேலை செய்பவர்கள் நின்றார்கள்.

"என்ன சொல்லுறியள்? விளங்கேல்லை" என்றார், ஒஸ்லோப் பேச்சில்.

ஒரு கிழமை இப்படியே நடித்தார் கவிஞர்.

எட்டாம் நாள் கிழவி, பள்ளிப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல, தட்டுத்தடுமாறி ஒஸ்லோப் பேச்சில் சொன்னாள்: "மன்னிச்சுக்கொள்ளுங்கோ தம்பி. உங்களுக்கு விளங்கிற மாதிரிக் கதைக்கப் பழகிறன்."

குணசிங்கத்துக்கு முகம் எரிந்தது. அப்போது அறையில் வேறு யாருமே இல்லை.

"பரவாயில்லை" என்றார். அதையும் ஒஸ்லோப் பேச்சிலேயே சொன்னார்.