அவளுக்கு ஊற்றாத சிரப்

அந்தக் குழந்தை எங்கள் அங்கன்வாடிச் சுவரைத் தின்றுகொண்டிருந்தாள். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. உப்புக் காற்றில் பொரிந்துபோன சுண்ணாம்புச் சுவர் அது, நகத்தால் சுரண்டினாலே பொலபொலவென்று உதிரும். மூன்றரை வயதான அவள் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து, சுரண்டி, விரலை வாயில் வைத்துக் கண்ணை மூடிச் சப்புவாள். மற்றப் பிள்ளைகள் பாட்டுக்குக் கைதட்டும் நேரத்தில் அவளுக்கு இதுதான் வேலை.

நான் அங்கே டீச்சர். வீடு அனுப்பம்பட்டில். ரயிலில் பொன்னேரி போய், பஸ் பிடித்து, திருப்பாலைவனம் தாண்டி பழவேற்காட்டு ஏரிக்கரையில் இறங்கி, படகு ஏறினால்தான் அந்தத் தீவுக் கிராமம். இருபதுக்குக் கொஞ்சம் மேல் பிள்ளைகள், சமைக்க ஒரு ஆயா, எடை பார்க்கும் தராசு, அடுக்கடுக்காகப் பதிவேடுகள். இவற்றில் பதிவேடுகளைத்தான் நான் அதிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டேன். மேலதிகாரி வந்தால் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

அவளுக்கு நிற்கப் பிடிமானம் வேண்டும். பேச்சு வரவில்லை. பிறந்ததும் அழவில்லையாம், வெகுநேரம் கழித்துத்தான் குரல் வந்ததாம். எடை ஒன்றரை வயதுக் குழந்தையின் எடை. அவள் அம்மா ஏரியில் கையால் இறால் பிடிப்பவள். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைத் தடவித் தடவி இறாலைப் பிடித்து, பல்லில் கடித்திருக்கும் ஓலைப் பறிக் கூடையில் போட்டுக்கொள்வாள். விடியும்போது இறங்கினால் பத்து மணிக்கு மேல்தான் கரையேறுவாள். மையம் திறந்ததிலிருந்து அதுவரை குழந்தை என்னிடம்.

ஒருநாள் இரண்டு தாய்மார்கள் சேர்ந்து வந்தார்கள்.

"டீச்சர், அந்தக் கொழந்த சுவத்தத் தின்னுது. அத்தப் பாத்து எம்பொண்ணும் வாயில வெக்கிது. மண்டுப் புள்ளையோட ஒண்ணா உக்கார வெச்சா எல்லாம் மண்டாத்தான் ஆவும்."

அப்படிச் சொல்லாதீர்கள் என்று நான் அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அன்று குழந்தையைக் கூட்டிப்போக வந்த அம்மாவைத்தான் தனியாக நிறுத்தினேன்.

"இவள வீட்டுலயே வெச்சுக்கோம்மா. சத்துமாவு, முட்டை எல்லாம் நானே குடுத்தனுப்பறேன். இங்க சுவரத் தின்னுக்கிட்டே இருக்கா."

ஈரப்புடவை சொட்டச் சொட்ட நின்ற அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்க வூட்ல சுவரே இல்ல டீச்சர். ஓலதான் கீது. அங்க உக்கார வெச்சா மண்ணத் தின்னும். அது ஏன் தின்னுதுன்னு நீங்கோ யாராச்சும் கேட்டீங்களா?"

"அவளுக்கு அறிவு பத்தல. அதனால—"

"நில்லுங்கோ. இது வவுத்துல இருக்கச்சொல்ல நானும் செங்கல்லு தின்னேன். பொடிச்சிப் பொடிச்சித் தின்னேன். அப்போ எனக்கும் அறிவு பத்தலையா? ஆஸ்பத்திரில ரத்தம் இல்லன்னு சொல்லி மாத்திர குடுத்தாங்கோ. முழுங்கினேன், நின்னுபோச்சி. எனக்குன்னா ரத்தம் இல்ல, இதுக்குன்னா அறிவு இல்லையா?"

அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும்.

அங்கன்வாடியில் ஐந்து வயதுக்குக் கீழுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் வாரம் இருமுறை இரும்புச்சத்து சிரப் தர வேண்டும். இவளுக்கும் முதல் இரண்டு தடவை மடியில் படுக்கவைத்து ஊற்றினேன். புரையேறி முகம் நீலமாகிவிட்டது. ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது? அதற்குப் பிறகு நான் ஊற்றவில்லை. ஆனால் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே கட்டம் காலியாக இருந்தால் கேள்வி வரும். அதனால் ஒவ்வொரு வாரமும் இரண்டு டிக் போட்டேன். கிட்டத்தட்ட ஒரு வருஷம்.

"நாளான்னிக்கி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீங்கோ கூட வரணும். நான் தனியா சொன்னா காதுல வாங்க மாட்டாங்கோ" என்றாள். வர முடியாது என்று சொல்லும் தைரியம்கூட எனக்கு இல்லை.

மூவரும் போனோம். படகில், பஸ்ஸில், வெளிநோயாளி வரிசையில் எல்லாம் குழந்தை அம்மாவின் தோளில் துணி மாதிரிக் கிடந்தாள். மருத்துவமனை வராந்தாவில் டீக்காரர் வந்ததும் மட்டும் தலையைத் தூக்கினாள். அவளுக்கு டீ என்றால் உயிர். கஞ்சித் தண்ணீரும் டீயில் ஊறவைத்த வர்க்கியும்தான் அவள் தொண்டையில் சுலபமாக இறங்கும். அம்மா ஒரு நாளைக்கு நான்கைந்து முறை கொடுப்பாள்.

டாக்டர் இளைஞர். வெளியே நூறு பேர் நின்றார்கள், அவர் கண்ணில் தூக்கம் இருந்தது. குழந்தையின் முழங்காலைத் தட்டிப் பார்த்தார், கையை மடக்கிப் பார்த்தார்.

"மூளை வளர்ச்சி தாமதம்மா. இந்த மாதிரிக் குழந்தைங்க கைல கிடைச்சதை வாயில போடும். பயிற்சிக்கு எழுதித் தரேன்."

"ரத்தம் பாருங்கோ சார்."

"ஏரிக்கரை ஊர்தானே? தினமும் மீன், இறால் சாப்பிடறீங்க. சத்துக் குறைச்சல் எப்படி வரும்?"

"இறாலு விக்கறதுக்கு சார். இது மெல்லாது. மென்னா தொண்டைல மாட்டிக்கும்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "அங்கன்வாடில அயர்ன் சிரப் குடுக்கறீங்கல்ல?"

நான் பதில் சொல்வதற்குள் கை தானாகப் பையைத் திறந்து, எங்கே போனாலும் கூடவே எடுத்துப்போகும் பதிவேட்டை நீட்டிவிட்டது. அத்தனை வருஷப் பழக்கம். அவர் புரட்டினார். அவள் பெயருக்கு நேரே ஒரு வாரம் விடாமல் டிக்.

"ஒழுங்காக் குடிச்சிருக்காளே. அப்புறம் இரும்புச்சத்து பிரச்சினையா இருக்க வாய்ப்பு கம்மிம்மா. இது வளர்ச்சிக் குறைபாட்டோட சேர்ந்த பழக்கம். டெஸ்ட் எல்லாம் இப்ப வேணாம்."

அம்மா எழுந்திருக்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"மண்டு, அதனால மண்ணு தின்னுதுன்னு ஊரே சொல்லுது. நீங்கோ படிச்சவரு, நீங்களும் அத்தையே சொல்றீங்க. செரி, மண்டாவே இருக்கட்டும் சார். மண்டா இருந்தா ரத்தம் வேணாமா?"

அடுத்த சீட்டுக்காரர் கதவருகே வந்து நின்றார். டாக்டர் பேனா மூடியை மாட்டினார். நான் போட்ட டிக்கை வைத்துத்தான் அவர் அவளைத் திருப்பி அனுப்பப்போகிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. யாரும் படிக்கமாட்டார்கள் என்று நினைத்துத்தான் நான் எழுதியிருந்தேன். படித்துவிட்டார்கள்.

"சார், அது பொய்" என்றேன்.

"எது?"

"டிக். நான் ரெண்டு தடவைதான் ஊத்தினேன். புரையேறிச்சு, பயந்துட்டேன். அப்புறம் ஊத்தல. சும்மா எழுதினேன்."

அம்மா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டாக்டர் பதிவேட்டை மூடி என் பக்கம் தள்ளினார். சீட்டை இழுத்து ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்.

மதியம் முடிவு வந்தது. ஹீமோகுளோபின் ஏழரை. பதினொன்றாவது இருக்க வேண்டும். டாக்டர் காகிதத்தை இரண்டு முறை படித்தார். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். முதலிலேயே அதைப் பார்த்திருக்கலாம் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும், குரல் மாறியிருந்தது. தினமும் இரும்புச்சத்து சொட்டு மருந்து, கொஞ்ச நாளைக்குத் துத்தநாக மருந்து, பூச்சிக்கு ஒரு மாத்திரை. டீயை அடியோடு நிறுத்தச் சொன்னார். சாப்பாட்டிலிருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் டீ தடுத்துவிடும் என்றார்.

"இதுனால பேச்சு வந்துடும், நடந்துடும்னு நான் சொல்லலைம்மா. அது வேற."

"நான் அத்தக் கேக்கவே இல்லியே சார்" என்றாள் அவள்.

பயிற்சி அறையில் இருந்த பெண், ஊட்டும் முறையைக் காட்டினாள். படுக்கவைக்கக் கூடாது. நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகுக்கு அணை கொடுத்து, தலை பின்னால் சாயாமல், முகவாய் லேசாக நெஞ்சைப் பார்த்தபடி இருக்க வேண்டும். தண்ணீராக இருப்பதைவிடக் கெட்டியாக மசித்தது நல்லது. சின்னக் கரண்டி, விழுங்கியபிறகு அடுத்தது. மருந்தைக் கன்னத்தின் உட்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். குழந்தை முகம் சுளித்து விழுங்கிவிட்டாள். புரையேறவில்லை. ஒரு வருஷமாக நான் எவ்வளவு பெரிய மலை என்று நினைத்துப் பயந்தேனோ, அது இவ்வளவுதான்.

திரும்பும் படகில்தான் அம்மா என்னிடம் வாயைத் திறந்தாள்.

"உன்ன நம்பித்தான டீச்சர் தண்ணில எறங்கினேன்."

அதுவரை 'நீங்கோ' என்றவள் அன்றுதான் 'நீ' என்றாள். மன்னித்துக்கொள் என்றேன்.

"அது அப்பால. நாளைலேர்ந்து என் எதுருல ஊத்து. நான் கரையேறி வர்ற வரிக்கும் காத்திருந்து ஊத்து."

அப்படியே செய்தேன். தினமும் பத்தரைக்கு அவள் ஈரத்தோடு வந்து நிற்பாள். நான் குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து ஊற்றுவேன். மலம் கறுத்தது, இரண்டு நாள் மலச்சிக்கல். ஊரில் யாரோ மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பயமுறுத்தினார்கள். டாக்டர் முன்பே சொன்னதுதான் என்று சொல்லி அம்மா அவர்களைத் துரத்திவிட்டாள். டீயை நிறுத்திய முதல் மூன்று நாள் குழந்தை போட்ட கூச்சல் அக்கரைவரை கேட்டிருக்கும். ஆயா முட்டையையும் முருங்கைக்கீரையையும் சாதத்தோடு கரண்டியால் மசித்து, நெல்லிக்காய்ச் சாறு இரண்டு துளி பிழிந்து கொடுப்பார். அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் பழவேற்காட்டுக் கறிக்கடையில் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், சொல்லிவைத்து வாங்கி, வேகவைத்து அம்மியில் அரைத்து ஊட்டுவாள். பறியில் விழும் இறாலில் ஒரு கைப்பிடியைத் இறாலை வாங்கும் தரகனுக்குக் கொடுக்காமல் முந்தானையில் முடிந்துகொள்ள ஆரம்பித்தாள். "மொதல்ல என் வூட்டுக்கு" என்று அவனிடமே சொன்னாளாம்.

நான் பதிவேட்டைத் திருத்தினேன். ஒரு வருஷ டிக்குகளையும் சிவப்பு மையில் அடித்து, 'தரப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சூப்பர்வைசர் பார்த்ததும் பதறிப்போனார்.

"இதை யாரு கேட்டா உங்கள? இனிமே ஒழுங்காக் குடுத்தா போதாதா? எனக்கும் சேர்த்துத்தான் மெமோ வரும்."

"வரட்டும் மேடம். இந்த டிக்கைப் பாத்துத்தான் டாக்டர் அவள அனுப்பப் பாத்தாரு."

மெமோ வந்தது. தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். அதோடு நிற்காமல், புரையேறும் குழந்தைக்கு மருந்தும் சாப்பாடும் எப்படிக் கொடுப்பது என்று எங்களில் யாருக்கும் இதுவரை சொல்லித்தரவில்லை என்றும் எழுதினேன். அதற்குப் பதில் இன்றுவரை வரவில்லை. சம்பள உயர்வு ஒரு வருஷம் நின்றது. வீட்டில் என் கணவர், "ஊருக்கே நீதான் உத்தமியா?" என்று கேட்டார். உத்தமி இல்லை என்பதால்தான் எழுதினேன் என்று சொன்னேன்.

மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் பத்தைத் தாண்டியது. அதற்கு முன்பே சுவர் தின்பது நின்றிருந்தது. எந்த நாளில் நின்றது என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. தூங்கி வழிந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சாப்பாட்டுத் தட்டுச் சத்தம் கேட்டால் தரையைத் தட்டினாள். பக்கத்துப் பையனின் முட்டையைப் பிடுங்கினாள். அவன் அழுதான். நானும் ஆயாவும் சிரித்துவிட்டோம்.

முன்பு புகார் சொன்ன தாய்மார்களில் ஒருத்தி கேட்டாள்: "இவ்ளோ மருந்து குடுத்தியே, பேச்சு வந்துச்சா?"

"பசி வந்துச்சி" என்றாள் அம்மா. "பேச்சுக்கா குடுத்தேன்? ரத்தத்துக்குக் குடுத்தேன். உம் பொண்ணுக்குச் சளி புடிச்சா மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி அது படிச்சி பெரிய ஆளா ஆவுமான்னு கேப்பியா?"

அடுத்த மாதக் கூட்டத்தில், சுற்றுக் கிராம டீச்சர்கள் எல்லாரும் இருக்கும்போது, நான் எழுந்து என் கதையைச் சொன்னேன். பிறகு கேட்டேன்: "உங்ககிட்ட புரையேறுற குழந்தை, துப்புற குழந்தை, சரியா உக்கார முடியாத குழந்தை இருக்கா? அவங்களுக்கு நிஜமா ஊத்தறீங்களா?" யாரும் நிமிரவில்லை. கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது, கடலோரக் குப்பத்து டீச்சர் ஒருத்தி என் கையைப் பிடித்தாள். அவள் மையத்தில் அப்படி ஒரு பையன் இருந்தான். நாலு வயதாகியும் கழுத்து சரியாக நிற்காதவன், மையத்துக்கே கூட்டிவராதவன். அவன் எடையைக்கூட உத்தேசமாகத்தான் எழுதிக்கொண்டிருந்தாளாம்.

அடுத்த சனிக்கிழமை நான் அவன் வீட்டுக்குப் போனேன். தனியாகப் போகவில்லை. இறால் பிடிப்பவளும் தன் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்தப் பையனின் அம்மா வாசலிலேயே எங்களைத் தடுத்தாள். "இது தேறாதுன்னு சொல்லிட்டாங்கோ. எதுக்கு வந்துக்கினு?" என்றாள்.

இறால் பிடிப்பவள் தன் மகளைக் கீழே இறக்கி, மணலில் நிமிர்த்தி உட்காரவைத்தாள்.

"தேற வெக்க வரல. சோறு ஊட்டக் காட்டித்தர வந்தேன். ஒரு கரண்டி எடுத்துக்கினு வா."