கூடாத சபையின் நூலகம்

நான் வேலை பார்த்தது ஒரு சட்டசபையின் நூலகத்தில். சொன்னால் பெரிய உத்தியோகம் போலத் தெரியும். அப்படி ஒன்றும் இல்லை. குவைத்தில் ஒரு மெயின்டனன்ஸ் கம்பெனி என்னைக் கூட்டிப்போய் அங்கே நிறுத்தியது. தூசி தட்டுவது, புத்தகங்களை எண் பார்த்து அடுக்குவது, செய்தித்தாள்களை மாதவாரியாகத் தைத்து அட்டை போடுவது. இதுதான் வேலை. அரபு எண்களைக் கற்றுக்கொண்டேன். எழுத்தைக் கற்கவில்லை. புத்தகங்களுக்கு நடுவே இருந்தால் அறிவு வளரும் என்று சொல்கிறவன் எவனும் அட்டை போட்டிருக்க மாட்டான்.

வெயில் தணியும்போது சபை கூடும். உறுப்பினர்களின் ஆட்கள் வந்து பழைய சட்டம், பழைய பேச்சு, வேறு நாட்டு பட்ஜெட் என்று கேட்பார்கள். எடுத்த புத்தகம் இடத்துக்குத் திரும்பாது. நாங்கள் தேடிக்கொண்டு திரிவோம். மறுபடி வெயில் ஏறும்போது சபையை முடிப்பார்கள். செஷன் முடிந்தது என்று மேலேயிருந்து ஒரு தாள் வரும். அதன் பிறகு எல்லா அலமாரிகளையும் காலி செய்து, பூச்சி மருந்து அடித்து, துடைத்து, திரும்ப அடுக்க வேண்டும். அதுவும் முடிந்தால் எங்களுக்கு முறை வைத்து லீவு. ஒருவனுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. கம்பெனி ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் எழுதியிருந்தது. சபைக் கூட்டம் முடிந்த பிறகுதான் லீவு.

ஒரு கோடையில் சபையைக் கலைத்துவிட்டார்கள். ஏன் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வேலை போய்விடும் என்று ரூமில் பேசிக்கொண்டார்கள். போகவில்லை. நூலகத்தை மூடு என்று யாரும் சொல்லவில்லை, அதனால் அது திறந்தே இருந்தது. நாங்கள் தங்கியிருந்த மங்காஃபிலிருந்து கம்பெனி வண்டி தினமும் கொண்டுபோய் விட்டது. பேப்பர் வந்தது, தைத்தேன். குளிர்காலம் வந்தது. கேட்டு வர ஓர் ஆள் இல்லை. துடைத்த மேசையையே மறுநாளும் துடைத்தேன். கோபம்கூட வரவில்லை. கை வேலை செய்தது, அவ்வளவுதான்.

அடுத்த கோடை என் லீவு முறை. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மானாமதுரைப் பக்கத்துப் பெண். போட்டோவில்தான் பார்த்திருந்தேன். அக்கா வீட்டுக்காரர் பேசி முடித்திருந்தார். ஆவணியில் தேதி.

கம்பெனி சூப்பர்வைசரிடம் போய் லீவு கேட்டேன். பம்பாய்க்காரர். ஒப்பந்தத்தை எடுத்து விரலை வைத்துக் காட்டினார். செஷன் முடிந்த தாள் எங்கே என்றார். சபையே இல்லையே, தாள் எப்படி வரும் என்றேன்.

"அதேதான் பாய். சபை கூடினால்தானே முடியும். முடிந்தால்தானே சுட்டி" என்றார் இந்தியில். சுட்டி என்றால் லீவு. அவர் கிண்டல் செய்யவில்லை, அதுதான் கொடுமை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தார். மறுபடி போனேன். இன்னொரு தடவையும் போனேன். கடைசியில் "கலாஸ்", பேச்சு முடிந்தது என்று ஃபைலை மூடிவிட்டார்.

நூலகத்தில் டைப் அடிக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் இருந்தார். அவரிடம் சொன்னேன். சிரித்தார்.

"தம்பி, நீர் லீவு இல்லையெண்டு அழுறீர். எனக்கு லீவு தாறாங்களோ எண்டு பயமாக் கிடக்கு. தந்தா நான் எங்கை போறது?"

அவர் ஊரில் சண்டை நடந்துகொண்டிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்து டவுனான ஃபஹாஹீலுக்குப் போய் வரிசையில் நின்று ஊருக்கு போன் போட்டேன். கடிதத்தில் எழுதியிருந்தபடி அக்கா வீட்டுக்காரர் போன் இருந்த பக்கத்து அரிசி மில்லுக்கு வந்து காத்திருந்தார். தேதியைத் தள்ளிவைக்கச் சொன்னேன். ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப்போயிருந்தது.

"மாப்ள, பொண்ணு வீட்டுல ஒத்தக் கேள்விதான் கேக்குறாக. சபையத்தான் கலைச்சுட்டாகளே, பேப்பர்லயே வந்துருச்சு. மூடிக் கெடக்குற எடத்துல இவருக்கு என்ன சோலிங்கிறாக."

"மூடல மச்சான். நான் பேப்பர் தைக்கிறேன்."

"யாரு படிக்க?"

"யாரும் இல்ல."



"இதையாடா நான் போயிச் சொல்றது? அங்கன யாரையும் வச்சுருக்கியா? இருந்தா எங்கிட்ட மட்டும் சொல்லிப்புடு."

இல்லை என்றேன். அவர் நம்பினாரா என்று இன்று வரை தெரியாது. பெண் வீட்டார் நம்பவில்லை. அதே ஆவணியில் அதே தேதியில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை சிவகங்கையில் சிமென்ட் கடை வைத்திருப்பவர். அக்கா கேசட்டில் பேசி அனுப்பியிருந்தாள். கேட்டுவிட்டு டூட்டிக்குப் போனேன். அன்று முழுவதும் அலமாரி துடைத்தேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

குளிர்காலத்தில் கம்பெனி ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். புதுத் தாளில் செஷன் என்ற வரியே இல்லை. வேண்டுமென்று எடுத்தார்களா, விட்டுப்போனதா, யாருக்கும் தெரியாது. சூப்பர்வைசரே கூப்பிட்டு பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் கையில் கொடுத்தார். ஜல்தி போய் வா என்றார். அவருக்கு நல்லது செய்த சந்தோஷம்.

ஊரில் அக்கா வேறு இடம் பார்த்து வைத்திருந்தாள். பெண்ணின் சித்தப்பா வந்து உட்கார்ந்ததும் அங்கே என்ன வேலை என்று கேட்டார். அக்கா வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். ஹோட்டலில் வேலை என்றேன். என்ன ஹோட்டல் என்றுகூடக் கேட்கவில்லை. சாப்பாட்டுக்குக் குறை இருக்காது என்று சித்தப்பா தலையாட்டினார். அந்த லீவிலேயே தாலி கட்டினேன். என் மனைவி நல்லவள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மேளம் அடிக்கும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பக்கத்தில் யாரோ கல்யாணம் செய்துகொள்கிற மாதிரி இருந்தது.

லீவு முடிந்து திரும்பினேன். மற்ற ஆட்களையும் டைப் அடிக்கும் அண்ணனையும் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு நூலகத்தைப் பூட்டியிருந்தார்கள். பேப்பர் கட்டுகள் பிரிக்காமல் கதவு ஓரத்தில் குவிந்து கிடந்தன, மேலே மணல் படிந்திருந்தது. என் இடத்தில் யாரையாவது போட்டீர்களா என்று சூப்பர்வைசரைக் கேட்டேன்.

"எதுக்கு? அங்கே என்ன வேலை இருக்கு?" என்றார்.

அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்கவில்லை. உள்ளே போய் ஒரு கட்டைப் பிரித்தேன்.